வரைபடம் திறந்திருக்கிறது, சிப்? சிறு கணினி போர்ட்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மாடியில் சனிக்கிழமை பின்னேரங்களில் கூடுகிறோம். ஏழெட்டுப் பேர், ஒரு நீள மேசை, இரண்டு சோல்டரிங் அயர்ன். பாதிப்பேர் உயர்தர மாணவர்கள், மிச்சம் வேலை முடிந்து வருகிறவர்கள், இடையிடையே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் அப்பாமார். புது ஆள் வந்தால் அதே கேள்விகள்தான் திரும்ப வரும். சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதால் எழுதி வைக்கிறேன். பதில்களில் என் சொந்த அபிப்பிராயமும் கலந்திருக்கும்.

போர்ட்டின் வரைபடம் முழுக்க இணையத்தில் கிடக்கிறது. பிறகென்ன, எல்லாம் திறந்ததுதானே?

வரைபடம் போர்ட்டைப் பற்றித்தான் பேசுகிறது. எந்தத் தடையியை எங்கே ஒட்டுவது, எந்தத் தடம் எந்தக் காலுக்குப் போகிறது, தகட்டில் எத்தனை படலம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்த்து நீங்களே ஒரு போர்ட் செய்யலாம், மாற்றலாம், விற்கலாம். 'திறந்த வன்பொருள்' என்ற பெயருக்கு அவ்வளவு போதும். அமெரிக்காவில் 2012இல் தொடங்கிய திறந்த மூல வன்பொருள் சங்கம் 2016 முதல் சான்றிதழ் கொடுக்கிறது. செய்தவர் தன் கையில் உள்ளதைத் திறந்தால் போதும் என்பதுதான் அதன் விதி.

நடுவில் கறுப்பாக உட்கார்ந்திருக்கும் சிப் அவர் கையில் இல்லை. அது வேறொரு கம்பனியின் பொருள். மின்சாரம் கொடுத்ததும் அந்தச் சிப்புக்குள் எது முதலில் ஓடுகிறது, அதன் மூலநிரல் (மனிதர் வாசித்து மாற்றக்கூடிய வடிவில் எழுதிய நிரல்) யாரிடம் இருக்கிறது என்பதைப் பற்றி வரைபடம் ஒரு வார்த்தை சொல்லாது. வீட்டு பிளான் கையில் இருக்கிறது, ஆனால் ஒரு அறையின் சாவி வீட்டுக்காரரிடமே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறைக்குள்தான் மெயின் சுவிட்ச்.

மென்பொருள் சுதந்திரம் என்றால் இலவசம் என்பதுதானே?

இலவசத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விரும்பியபடி ஓட்டுவது, படித்து மாற்றுவது, பிரதி எடுத்துக் கொடுப்பது, மாற்றியதையும் கொடுப்பது: இந்த நான்கும் இருந்தால் அது கட்டற்ற மென்பொருள். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இந்த நான்கையும் பூச்சியத்திலிருந்து மூன்று வரை எண்ணிடும். கம்ப்யூட்டர்க்காரர் பூச்சியத்தில் தொடங்குவது வழக்கம்தானே.

நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இங்கே தொண்டர்கள் சேர்ந்து எழுதிய 'சஹானா' என்ற அனர்த்த நிவாரண மென்பொருள், அடுத்த ஆண்டே பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது பயன்பட்டது. யாரிடமும் அனுமதிக் கடிதம் கேட்டு நிற்க வேண்டியிருக்கவில்லை. 2006இல் அந்த அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதும் அதற்குக் கிடைத்தது. நான் சுதந்திரம் என்று சொல்வது இதைத்தான்.

அண்ணா, ராஸ்பெரி பை திறந்த வன்பொருள்தானே? எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இல்லை. 2012 பெப்ரவரி 29ஆம் திகதி முதல் போர்ட் வந்ததிலிருந்து இந்தக் குழப்பம் இருக்கிறது. லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம் ஓடுகிறது, மலிவு, பாடசாலைப் பிள்ளைகளுக்கானது என்றதும் மனம் தானாகவே 'திறந்தது' என்று முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. இப்போதைய மொடல்களுக்குக் கிடைப்பது சுருக்கிய சுற்றுவரைபடம்தான். தகட்டு வடிவமைப்புக் கோப்புகள் வருவதில்லை. நடுவிலுள்ள புரோட்கொம் சிப்பைத் தனியாகக் கடையில் வாங்கவும் முடியாது.

பெரிய விஷயம் அதுவல்ல. வாயால் விளக்குவதைவிட மேசையில் காட்டுவது சுலபம் என்பதால் புதிதாக வருகிறவர்களுக்கு இப்படிச் செய்து காட்டுவோம். ஒரு பழைய பை 3இன் எஸ்டி கார்டைக் கழற்றி லப்டொப்பில் போடுவோம். கார்டின் முதலாவது பிரிவில் 'ஸ்டார்ட்.எல்ஃப்' என்று ஒரு கோப்பு இருக்கும். அதை அழிக்கத் தேவையில்லை, பெயரில் ஓர் எழுத்தை மாற்றினால் போதும். லினக்ஸ் கேர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதே கார்டில் பத்திரமாக இருக்கிறது, கோப்புகள் எல்லாம் இருக்கின்றன. கார்டைத் திரும்பச் செருகி மின்சாரம் கொடுத்தால் திரை கறுப்பாகவே கிடக்கும். வழக்கமாக ஒரு கணம் தோன்றும் வானவில் சதுரம்கூட வராது. போர்ட்டின் ஓரத்தில் பச்சை விளக்கு நான்கு தரம் மினுங்கும், நிற்கும், மறுபடி நான்கு தரம். 'அந்தக் கோப்பைக் காணவில்லை' என்பதற்கான சைகை அது.

பையில் முதலில் எழும்புவது நாம் நினைக்கும், லினக்ஸை ஓட்டும் ஏ.ஆர்.எம் செயலி இல்லை. சிப்புக்குள் இருக்கும் வீடியோகோர் என்ற கிராபிக்ஸ் பகுதிதான் முதலில் எழும்பி, நினைவகத்தைத் தயார் செய்து, அந்தக் கோப்பை வாசித்து, பிறகு ஏ.ஆர்.எம்மைத் தட்டி எழுப்புகிறது. அந்தக் கோப்புக்குள் திரெட்எக்ஸ் என்ற தனி இயங்குதளமே ஓடுகிறது. அந்தக் கோப்பின் மூலநிரல் நமக்குக் கிடையாது. லினக்ஸ் வீட்டுக்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், உண்மையில் அது வாடகைக்கு இருக்கிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. 2014 பெப்ரவரியில் புரோட்கொம் அந்தக் கிராபிக்ஸ் பகுதிக்கான ஆவணங்களை வெளியிட்டது. அதற்குப் பிறகு திறந்த கிராபிக்ஸ் டிரைவரும் (அந்தப் பகுதியை இயங்குதளம் பயன்படுத்த உதவும் நிரல்) வந்துவிட்டது, நன்றாகவே ஓடுகிறது. ஆனால் தொடக்கத்தில் ஓடும் ஃபேர்ம்வெயார், அதாவது சிப்புக்குள்ளேயே ஓடும் நிரல், அப்படியே மூடியிருக்கிறது. பை 5இல் அது கார்டிலிருந்து போர்ட்டிலுள்ள சிறு நினைவகத்துக்குள் போய்விட்டது. இப்போது கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த ஒரு கோப்பு மூடியிருந்தால் எனக்கென்ன நட்டம்? எல்லாம் ஓடுகிறதே.

ஓடும்வரை நட்டமில்லை.

முதலில் பையிலேயே ஓர் உதாரணம். பழைய மொடல்களில் எம்பெக்-2 வீடியோவைப் பிரித்துக் காட்டும் சுற்று சிப்புக்குள்ளேயே இருந்தது. ஆனாலும் 2.40 ஸ்டெர்லிங் பவுண் கட்டி, அந்தப் போர்ட்டின் தொடர் இலக்கத்துக்கென்றே ஆக்கிய சாவியை வாங்கி எழுதினால்தான் அது வேலை செய்யும். காப்புரிமைக் கட்டணம் என்று காரணம் சொன்னார்கள், அது உண்மைதான். நான் பார்ப்பது வேறு: நான் காசு கொடுத்து வாங்கிய சிப்பில் எது வேலை செய்யலாம், எது செய்யக்கூடாது என்று தீர்மானிப்பது அந்த மூடிய கோப்பு.

அடுத்தது என் சொந்த அனுபவம். கொட்டாஞ்சேனையில் ஒரு டியூஷன் வகுப்பின் வாசலில் ஒரு டிவியில் நேரசூசி காட்டுவதற்காக ஒரு போர்ட் பூட்டிக் கொடுத்தேன். பெயர் வேண்டாம். பெட்டியில் 'திறந்த மூலம்' என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. வரைபடமும் உண்மையாகவே கிடைத்தது. மூன்று வருடம் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் கரண்ட் போய் வந்ததில் எஸ்டி கார்ட் செத்துப்போனது. கார்ட் சாவது புதினமில்லை, புதியதை எழுதிப் போட்டால் சரி என்று செய்தவர்களின் தளத்துக்குப் போனால், இயங்குதளப் பிரதி இருந்த இணைப்பு இல்லை. புது மொடல் வந்துவிட்டது, பழையதை எடுத்துவிட்டார்கள். அவர்களின் இணைய மன்றத்தில் எழுதினேன். பதில் வரவில்லை.

பரவாயில்லை, டெபியன் என்ற பொதுவான லினக்ஸ் வகையைப் போடுவோம் என்று போட்டேன். போர்ட் எழும்பியது, வலையமைப்பு வந்தது, திரை மட்டும் வரவில்லை. கிராபிக்ஸ் டிரைவர் மூலநிரல் இல்லாத இருமக் கோப்பாக இருந்தது. அது அவர்கள் கொடுத்த 3 வரிசைப் பழைய கேர்னலோடு மட்டும்தான் ஒட்டும். அந்தக் கேர்னலும் இப்போது இல்லை. கையில் குறையில்லாத போர்ட், முழு வரைபடம், ஒவ்வொரு தடையியின் பெறுமதியும் தெரியும். ஆனால் நேரசூசி காட்ட முடியாது. கடைசியில் அது ஒரு மூலையில் பிரின்டருக்குக் காவல் இருந்தது. டியூஷன்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "தம்பி, அந்த டிவி..." என்று தொடங்குவார். நான் வீதியைக் கடந்துவிடுவேன்.

அதனால் என் அளவுகோல் ஒன்றுதான்: செய்தவர் கடையைச் சாத்திய பிறகும் இதை நான் உயிரோடு வைத்திருக்க முடியுமா? டொலர் தேடி, சுங்கம் தாண்டி, வாரக்கணக்கில் காத்திருந்து பொருள் எடுக்கும் ஊரில் 'பழையதை எறி, புதியதை வாங்கு' என்பது எல்லாராலும் முடிந்த காரியமில்லை.

பீகிள்போன் பிளாக் பற்றி நீங்கள் அடிக்கடி சொல்கிறீர்கள். அதில் என்ன விசேஷம்?

2013இல் வந்த போர்ட், வயதாகிவிட்டது. 1 கிகாஹேர்ட்ஸ், 512 மெகாபைட் நினைவகம். வேகம் கேட்டால் இன்றைய எந்தக் கைப்பேசிக்கும் கிட்ட வராது. ஆனால் வரைபடமும் தகட்டுக் கோப்பும் முழுக்கத் திறந்தவை. அதைவிட முக்கியம், அதில் உள்ள டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப்பை யாரும் வாங்கலாம், அதன் கைநூல் 4000க்கும் மேற்பட்ட பக்கங்களோடு பகிரங்கமாகக் கிடைக்கிறது.

அதன் காதில் வாய் வைத்துப் பேசலாம் என்பதுதான் எனக்குப் பிடித்தது. போர்ட்டில் ஆறு ஊசிகள் ஒரு வரிசையில் இருக்கும். அதில் சீரியல் கேபிளை மாட்டி, லப்டொப்பில் அந்தக் கேபிளில் வரும் எழுத்துகளைக் காட்டும் ஒரு ஜன்னலை 115200 வேகத்தில் திறந்து வையுங்கள். கார்ட் ஒன்றும் போடாமல், எஸ்2 என்ற சிறு பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மின்சாரம் கொடுங்கள். கொஞ்ச நேரத்தில் திரையில் ஆங்கில 'சி' எழுத்து ஒவ்வொன்றாக விழத் தொடங்கும். சி, சி, சி. கூரை ஒழுகுவது மாதிரி. சிப்புக்குள் பொறித்த 176 கிலோபைட் தொடக்க நினைவகம் 'எனக்கு ஓட்ட ஏதாவது அனுப்பு' என்று கேட்கும் குரல் அது. அந்தப் போர்ட்டில் நம்மால் மாற்ற முடியாத நிரல் என்றால் தொடக்கத்தில் அது ஒன்றுதான். அதற்குப் பிறகு வரும் யு-பூட் (லினக்ஸை எழுப்பும் நிரல்), லினக்ஸ் இரண்டும் மூலநிரலோடு வருகின்றன, நாமே தொகுத்து, அதாவது சிப் ஓட்டும் வடிவத்துக்கு மாற்றிப் போடலாம். போன வருடம் ஒரு மாணவி யு-பூட்டில் முதல் வரியை மாற்றித் தன் தம்பியின் பெயரை வரச் செய்தாள். தம்பிக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. எங்களுக்குத் தெரிந்தது.

மூடிய பகுதி இல்லையா? உண்டு. முப்பரிமாணக் கிராபிக்ஸுக்கான பவர்விஆர் பகுதிக்குக் கட்டற்ற டிரைவர் இல்லாமலே காலம் போனது. அதை விட்டுவிட்டால் சாதாரணத் திரை, வலையமைப்பு, ஊசிகள் எல்லாம் வேலை செய்கின்றன. கேம் விளையாட வாங்குகிறவருக்கு இது ஆகாது.

மலிவான மற்றச் சீனச் சிப் போர்ட்கள் எல்லாம் ஒதுக்க வேண்டியவையா?

சிப் செய்தவர் திறக்காததை, பயன்படுத்தியவர்கள் உட்கார்ந்து திறந்த கதைகள் உண்டு. ஓல்வின்னர் சிப்களுக்கு ஆவணம் குறைவாக இருந்தபோது தன்னார்வலர் கூட்டம் ஒன்று சிப்பைக் கட்டுப்படுத்தும் சிறு நினைவிடங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து எழுதியது. பல்கேரியாவின் ப்ளோவ்டிவ் நகரிலுள்ள ஒலிமெக்ஸ் இந்தச் சிப்களை வைத்துத் தகட்டுக் கோப்புகளோடு போர்ட் விற்கிறது. இத்தகைய சிப்கள் பலவற்றில் உள்ள மாலி கிராபிக்ஸ் பகுதிக்கு ஏ.ஆர்.எம் நிறுவனம் டிரைவரின் முழு மூலநிரலைத் தரவில்லை. லீமா, பான்ஃப்ரொஸ்ட் என்ற இரண்டு கட்டற்ற டிரைவர்களும் வெளியிலிருந்து ஆராய்ந்து எழுதப்பட்டு 2019இல் லினக்ஸ் 5.2இல் சேர்ந்தன. விவான்டே கிராபிக்ஸுக்கு எட்னாவிவும் இப்படி வந்ததுதான்.

பிராண்டைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள், சிப் இலக்கத்தைப் பாருங்கள். ஒரே ரொக்சிப் நிறுவனத்தின் ஆர்.கே 3399ஐ மூடிய கோப்பு எதுவும் இல்லாமல் எழுப்பலாம். அதற்குப் பிறகு வந்த, பல மடங்கு வேகமான ஆர்.கே 3588க்கு நினைவகத்தைத் தயார் செய்யவே நிறுவனம் கொடுக்கும் இருமக் கோப்பு வேண்டும். புதியது என்பதால் கூடுதலாகத் திறந்திருக்கும் என்று நம்ப முடியாது. என் அனுபவத்தில் தலைகீழாகத்தான் இருக்கிறது. மூன்று நான்கு வருடம் பழகிய சிப்பில்தான் ஆட்கள் வேலையை முடித்திருப்பார்கள்.

ஆர்டுயினோவில் இந்தச் சிக்கல் உண்டா?

அதன் ஊனோ ஆர்3 மொடலில் கிட்டத்தட்ட இல்லை. 32 கிலோபைட் நினைவகம் உள்ள ஒரு சிறு சிப், அதற்குள் நாம் போட்டது மட்டும்தான் ஓடுகிறது. தொடக்க நிரலும் திறந்தது, தொகுப்பியும் கட்டற்றது. 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் தொடங்கிய ஆர்டுயினோ வடிவமைப்புக் கோப்புகளையும் வெளியிட்டது. அதன் பலனைப் பார்க்கத் தூரம் போக வேண்டாம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் நீலப் போர்ட்களாகக் குவித்து வைத்திருக்கிறார்களே, அதுதான். கள்ளச் சரக்கு என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆர்டுயினோ என்ற பெயரை ஒட்டி விற்றால் தவறு. பெயர் இல்லாமல் வடிவத்தைப் பிரதி செய்தால் அது உரிமத்தில் கொடுத்த சுதந்திரம்.

இதே தெருவைப் பற்றி இன்னொன்று. யு.எஸ்.பியைச் சீரியலாக மாற்றும் எஃப்.டி.டி.ஐ சிப்புக்கு நிறையப் போலிகள் உண்டு. 2014 ஒக்டோபரில் அந்த நிறுவனத்தின் விண்டோஸ் டிரைவர் புதுப்பிப்பு ஒன்று, போலிச் சிப்களின் அடையாள எண்ணைப் பூச்சியமாக்கிச் செயலிழக்கச் செய்தது. போலி செய்தவன் பாதிக்கப்படவில்லை. தெரியாமல் வாங்கியவர்தான் பாதிக்கப்பட்டார். மூடிய டிரைவர் யாருக்காக வேலை செய்கிறது என்று மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை எனக்குக் கிடைக்கவில்லை.

ராஸ்பெரி பைக்காரரின் பிக்கோவையும் இங்கே சொல்ல வேண்டும். 2021 ஜனவரியில் வந்தது, நாலு டொலர் போர்ட். அதன் சிப்புக்குள் பொறித்த தொடக்க நிரலின் மூலநிரலைக்கூட வெளியிட்டிருக்கிறார்கள், வடிவமைப்புக் கோப்பும் கிடைக்கிறது. பெரிய பையில் இறுக்கிப் பிடித்த அதே கை இங்கே விரித்துக் காட்டுகிறது. ஆனால் வைஃபை உள்ள 'டபிள்யூ' வகையில் வைஃபைச் சிப்புக்கு மூடிய ஃபேர்ம்வெயார் வேண்டும். வைஃபை உள்ள ஈ.எஸ்.பி 32 சிப்பும் அப்படித்தான். மற்றதெல்லாம் திறந்த உரிமத்தில் வரும், வைஃபைப் பகுதி மட்டும் மூலநிரல் இல்லாமல், தொகுத்து முடித்த நிரலாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

வைஃபை என்றாலே ஏன் எல்லா இடத்திலும் மூடியிருக்கிறது?

அலைவரிசைச் சட்டங்கள் ஒரு காரணமாகச் சொல்லப்படும். பாவனையாளர் நிரலை மாற்றி அனுமதியில்லாத அலைவரிசையில் பலமாக அனுப்பிவிடுவார் என்ற பயம். போட்டி நிறுவனத்துக்குக் காட்ட விருப்பமில்லை என்பது சொல்லாத காரணம் என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால் 2013இல் குவால்கொம் அதெரொஸ் ஏ.ஆர் 9271 சிப்பின் ஃபேர்ம்வெயார் மூலநிரலைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது. உலகம் ஒன்றும் தலைகீழாகவில்லை.

அந்தச் சிப் உள்ள யு.எஸ்.பி டொங்கிள் இன்றும் தேடினால் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: பெட்டியில் உள்ள மொடல் பெயரை நம்பி வாங்காதீர்கள். ஒரே பெயர், ஒரே பெட்டி, இரண்டாம் பதிப்பிலிருந்து உள்ளே வேறு சிப். நான் இரண்டு முறை ஏமாந்தேன். இப்போது கடையிலேயே லப்டொப்பைத் திறந்து, செருகிப் பார்த்து, யு.எஸ்.பி பட்டியலில் 9271 என்று வந்தால்தான் காசு கொடுக்கிறேன். கடைக்காரர் முதலில் முறைத்தார். இப்போது தானே கதிரையை இழுத்துப் போடுகிறார்.

டெபியன்கூட 2022இல் வாக்கெடுப்பு வைத்து, 12ஆம் பதிப்பிலிருந்து மூடிய ஃபேர்ம்வெயாரை நிறுவியோடு சேர்த்துத் தருகிறது. எது மூடியது என்று தனிப் பிரிவில் காட்டுகிறது. அதைத் துரோகம் என்பவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒளித்து வைப்பதைவிடப் பெயர் சொல்லி வைப்பது நல்லது.

சிப்புக்குள் நிரந்தரமாகப் பொறித்த நிரலும் மென்பொருள்தானே? அதை ஏன் மன்னிக்கிறார்கள்?

எங்கள் மேசையில் தேத்தண்ணி ஆறிப்போகும்வரை சண்டை போடும் கேள்வி இது.

கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 'உங்கள் சுதந்திரத்தை மதிக்கிறது' என்ற பொருளில் ஒரு சான்றிதழ் கொடுக்கிறது. 2012இல் முதலில் பெற்றது லல்ஸ்பொட் என்ற முப்பரிமாண அச்சு இயந்திரம். பொருளோடு வரும் மென்பொருள் எல்லாம் கட்டற்றதாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் மாற்றவே உத்தேசிக்காத, துணைச் செயலிக்குள் அடங்கிய நிரலைச் சுற்றின் ஒரு பகுதியாகவே எண்ணிக்கொள்ளலாம் என்று ஒரு விலக்கு. தர்க்கம் இது: செய்தவராலும் மாற்ற முடியாதென்றால் அவருக்கு என்மேல் மேலதிக அதிகாரம் இல்லை, இருவரும் சமம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது பாருங்கள். லிப்ரெம் 5 கைப்பேசியின் சிப்பில் நினைவகத்தைத் தயார் செய்ய ஒரு மூடிய நிரல் தேவைப்பட்டது. அதைப் பிரதான செயலி தொடாமல், தனி நினைவகத்தில் வைத்து, துணைச் செயலி ஒன்று எடுத்து ஊட்டும்படி வழி சொன்னது கைப்பேசியைச் செய்த ப்யூரிசம் நிறுவனம். அதே நிரல், அதே வேலை. இருக்கும் இடம் மாறியதும் விதிக்கு உட்பட்டுவிட்டது. வீட்டில் மச்சம் சமைக்கக் கூடாது என்றால் முற்றத்தில் அடுப்பு மூட்டுவது போல.

எனக்கு அந்த விலக்கில் உடன்பாடில்லை. மாற்றக்கூடிய இடத்தில் இருக்கும் மூடிய கோப்பை நாளைக்கு யாராவது ஆராய்ந்து எழுதி மாற்றலாம், லீமா வந்தது போல. பொறித்துவிட்டால் அந்தக் கதவும் இல்லை. மறுபக்கத்தில், மாற்றக்கூடிய இடத்தில் இருப்பதை நிறுவனமும் என்னைக் கேட்காமல் மாற்றலாம் என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் விடமாட்டார். எஃப்.டி.டி.ஐ கதையைத்தான் எடுத்துப் போடுவார். அவர் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது.

ரிஸ்க்-ஃபைவ் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார்களே?

2010இல் பேர்க்லியில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் ஒரு கட்டளைத் தொகுதி, அதாவது செயலி பேசும் மொழி. அந்த மொழி எல்லாருக்கும் சொந்தம். அதில் எழுதும் புத்தகம் எழுதியவருக்குச் சொந்தமாக இருக்கலாம். ரிஸ்க்-ஃபைவ் சிப்பில் மூடிய கிராபிக்ஸையும் வைத்து விற்கலாம், விற்கிறார்கள்.

அப்படியானால் முழுக்கக் கட்டற்ற கணினி போர்ட் ஒன்றுமே இல்லையா?

சிப்பின் உள்வரைபடம்வரை கேட்டால், லினக்ஸ் வசதியாக ஓடும் போர்ட்களில் கடையில் வாங்கக்கூடியதாக ஒன்றும் எனக்குத் தெரியாது. கிட்ட வருவது லாட்டிஸ் ஐஸ்40 போன்ற, உள்ளே உள்ள சுற்றை நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய மறுவடிவமைப்புச் சிப்கள். 2015இல் ஐஸ்ஸ்டோர்ம் திட்டம் அதன் உள் அமைப்பை வெளிக்கொண்டு வந்ததால், கட்டற்ற கருவிகளாலேயே உங்கள் சொந்தச் செயலியை அதில் ஊற்றலாம். வேகம் எண்பதுகளின் கணினி அளவில் இருக்கும்.

பூட்டுப் போட்ட போர்ட் என்கிறார்களே, அது வேறா?

வேறு. மூலநிரல் முழுக்க உங்களிடம் இருக்கும், மாற்றித் தொகுக்கலாம், ஆனால் நிறுவனம் கையொப்பமிடாததைச் சிப் ஓட்டாது. டிவோ வீடியோப் பெட்டிகள் செய்தது இதைத்தான். ஜி.பி.எல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் 2007இல் வந்த மூன்றாம் பதிப்பு அதைத் தடுக்கவே ஒரு பிரிவு சேர்த்தது. லினக்ஸ் கேர்னல் இரண்டாம் பதிப்பிலேயே நின்றுவிட்டது. சாவி உங்கள் கையில் இருந்தால் பூட்டு நல்லது, கேட்க வேண்டியது அது ஒன்றுதான்.

மகனுக்கு உயர்தர செயற்திட்டத்துக்கு என்ன போர்ட் வாங்கிக் கொடுக்கலாம் தம்பி? ராஸ்பெரி பை ஏற்கெனவே இருக்கிறது, அதை எறிய வேண்டுமா?

எறிய வேண்டாம் ஐயா. வீட்டில் உள்ள மடிக்கணினியில் இன்டெல் சிப் இருந்தால், அதற்குள்ளும் இன்டெலின் மூடிய நிர்வாக நிரல் ஒன்று ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பையில் பைதன் படிக்கட்டும், அந்தக் கோப்பின் பெயரை மாற்றி நாலு தரம் மினுங்க வைத்துப் பார்க்கட்டும். தான் எதன்மேல் நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டு படிப்பது நல்ல படிப்பு.

புதிதாக வாங்குவதானால், ரோபோ, சென்சர் வேலைக்கு ஊனோ பிரதியோ வைஃபை இல்லாத பிக்கோவோ போதும், புறக்கோட்டையில் ஒரு மத்தியானத்தில் முடியும் காரியம். லினக்ஸ் வேண்டும் என்றால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் விலை கேளுங்கள், ஆனால் அங்கேயே வாங்காதீர்கள். சிப் இலக்கத்தை எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பொதுவான டெபியன் அதில் எழும்புகிறதா, நிறுவனத்தின் சொந்தக் கேர்னல் இல்லாமல் திரை வருகிறதா என்று தேடுங்கள். வந்தால் வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தால் கப்பல் கூலியோடு 18 சதவீத வற் வரியையும் கணக்கில் வையுங்கள். பலர் அதை மறந்துவிட்டு சுங்கத்தில் நின்று முழிக்கிறார்கள்.

நானும் வரலாமா? என்ன கொண்டு வர வேண்டும்?

வரலாம், காசு இல்லை. போர்ட் இருந்தால் கொண்டு வாருங்கள், செத்த போர்ட் என்றால் இன்னும் நல்லது. எஸ்டி கார்டில் முக்கியமான எதுவும் இருக்கக்கூடாது, நாங்கள் அழிப்போம். சீரியல் கேபிள் வாங்குவதானால் 3.3 வோல்ட் என்று கேட்டு வாங்குங்கள். 5 வோல்ட் கேபிளை மாட்டி ஒரு பீகிள்போனை நானே கருக்கியிருக்கிறேன், அதன் சாம்பல் மணம் அந்த மேசை லாச்சியில் இன்னும் இருக்கிறது. காலி வீதிப் பக்கம் வாகனம் நிறுத்த இடம் கிடைக்காது, பஸ்ஸில் வருவது சுகம். மாடிப்படியில் லைட் இல்லை, டோர்ச் எடுத்து வாருங்கள்.